நாற்பத்து நான்காவது திறப்பு

ஈச்சம்புலம் என்ற ஊரின் விலை பதினைந்து பவுண். சங்க உறுப்பினர் என்றால் பன்னிரண்டு. வெளியீட்டு விழாவுக்கு வந்து வாங்கினால் ஒரு ரோல்ஸும் தேநீரும் சும்மா. நானூறு வருட வரலாறு, நாற்பத்து மூன்று வீடு, இரண்டு குளம், ஒரு பிள்ளையார் கோயில், எல்லாம் கெட்டி அட்டைக்குள். ஊரில் இப்போது ஒரு மனிதப்பிறவி இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்கு எழும்பிய சனம் லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் கிங்ஸ்பரியிலும் வந்து குந்திவிட்டது. அங்கே மிச்சம் சுவரும் பாம்பும்தான்.

விளம்பரத் தாளைப் படித்த றெஜினோல்டுக்கு அது மலிவாகத்தான் பட்டது. ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்த அவருடைய புடவைக் கடையில் பன்னிரண்டு பவுணுக்கு ஒரு பாவாடைத் துணிதான் வரும். மன்னாரில் அப்பன் கடை, மாமன் கடை என்று பேரம் பேசும் சத்தத்திலேயே வளர்ந்த மனிதர். வாசலில் ஆள் காலடி வைக்கும்போதே வாங்க வந்த முகமா, விலை கேட்டுவிட்டுப் போகிற முகமா என்று பிரித்துவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை தாளை நீட்டிக்கொண்டு வந்தவளின் முகம் இரண்டிலும் சேரவில்லை. ரசீதில்லாமல் பொருளைத் திருப்பித் தர வந்தவளின் முகம் அது.

"சிவகௌரி அக்கா இஞ்சை இருப்பா எண்டு சொல்லிச்சினம்," என்றாள்.

சிவகௌரி கடையின் பின்புறக் கதிரையில் தேநீரோடு இருந்தார். முப்பது வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நட்டஈட்டு விண்ணப்பங்களை விசாரித்தவர். எரிந்த கடை தானாக எரிந்ததா, முதலாளி சொல்லி எரிந்ததா என்று சாம்பலைப் பார்த்துச் சொல்லுவார். இளைப்பாறிய பின் வெள்ளிக்கிழமைகளில் இங்கே வந்து இருப்பது வழக்கம். வாங்குவது குறைவு. ஆனால் அவர் இருக்கும் நாளில் கலியாணத்துக்குக் கட்டிக் கழற்றிய சேலையை யாரும் "பிரிக்கவே இல்லை" என்று திருப்பிக் கொண்டுவருவதில்லை. அந்த லாபத்துக்கு முன்னால் ஒரு தேநீர் பெரிய செலவில்லை என்பது றெஜினோல்டின் கணக்கு.

வந்தவள் அருள்மலர். ஈச்சம்புலம் மக்கள் சங்கத்தின் செயலாளர். கவுன்சிலில் வேலை. ஆறு வருடமாக ஊர் வரலாற்றை எழுதியவள். பையிலிருந்து ஒரு பழைய பிஸ்கற் டின்னை எடுத்து மேசையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமை சங்கத்துக்குத் தபாலில வந்தது அக்கா. கடிதம் இல்லை, அனுப்பினவர் பேர் இல்லை. உள்ளுக்கு எங்கட ஊர் வீடுகளின்ர திறப்பு. நாப்பத்து மூண்டும்."

ஒரு நீளக் கம்பியில் கோத்த வீட்டுச் சாவிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைத் துணிக்கீறு கட்டியிருந்தது.

"கதவுகள் இன்னும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை. கதவு, நிலை, யன்னல் எல்லாத்தையும் ஆரோ கழட்டிக்கொண்டு போயிட்டினம். அதுதான் பிரச்சினை." அருள்மலர் கதிரையின் நுனியில் இருந்தாள். "புத்தகத்தின்ர கடைசி அத்தியாயம், ஊரைக் கடைசியாப் பூட்டினது ஆர் எண்டது. தாங்கள்தான் எண்டு மூண்டு பேர் நிக்கினம். சங்கம் ஏற்கெனவே ரெண்டு தரம் உடைஞ்சது. இனி உடைஞ்சால் ஒரு துண்டுக்குத் தலைவர் போடவும் ஆள் காணாது. இந்த நேரத்தில இது வந்திட்டுது. ஊர்த் திறப்பு முழுக்க ஒரு கையில இருந்தால் அது விதானையாற்ற கைதான், அவர்தான் கதவுகளையும் வித்திருப்பார் எண்டு தலைவர் குகதாசன் அண்ணை வட்ஸ்அப்பில போட்டிட்டார்."

விதானையார் என்றால் அரசாங்கம் நியமித்த ஊர்த் தலைமைக்காரர் என்பது றெஜினோல்டுக்குத் தெரியும். "ஆர் அந்த விதானையார்?" என்றார்.

"என்ர அப்பா. செத்து ஆறு வருசம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில அவற்ற படத்தைப் புத்தகத்தில இருந்து எடுக்கிறதோ எண்டு வாக்கெடுக்கப் போகினம். நான் எழுதின புத்தகம். அதில என்ர அப்பா கள்ளன். எனக்கு அனுப்பின ஆளின்ர பேர் வேணும் அக்கா."

சிவகௌரி தேநீரைக் கீழே வைத்தார். "றெஜி, எண்ணும்."

றெஜினோல்ட் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். துணி முழம் போடுவதில் கூடத் தப்பாத விரல் அது.

"நாப்பத்து நாலு அக்கா."

"இருக்காது," என்றாள் அருள்மலர். "நாப்பத்து மூண்டு வீடுதான். நான் பட்டியல் போட்டனான்."

"கோயில்?"

"கோயில் திறப்பு ஐயரோட கனடாவில. பள்ளிக்கூடத்துக்குக் கதவே இல்லை."

துணிக்கீறுகள் றெஜினோல்டின் கைக்கு வந்தன. இதற்காகவே காத்திருந்த மனிதர். வெளிச்சத்தில் பிடித்தார், கசக்கினார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "பழைய வேட்டியிலை கிழிச்சது. நல்ல பருத்தி. ஆனால் இந்தக் குறியைப் பாருங்கோ. ஒண்டில ரெண்டு புள்ளி, ஒண்டில சிலுவை மாதிரி, ஒண்டில மூண்டு கோடு. பேனை மை இல்லை. மை எண்டால் இவ்வளவு காலத்தில பரவியிருக்கும். இது நூலுக்குள்ள குடியேறிக் கிடக்கு. எத்தினை தரம் கழுவினாலும் போகாது." குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ரகசியக் குறி. உளவுப் படை."

"உளவுப் படை வேட்டி கிழிக்குமோ தெரியாது. கடைசியைப் பாரும்."

நாற்பத்து நான்காவது திறப்பின் துணியில் குறி எதுவுமில்லை. வெறும் வெள்ளை.

"போட மறந்திட்டான்."

"நாப்பத்து மூண்டுக்கு மறக்காதவர், ஒண்டுக்கு மட்டும் மறந்தவரோ?" சிவகௌரி டின்னை மூடினார். "காரை எடும்."

முதலாவது ஆளுக்குக் கார் தேவைப்படவில்லை. சங்கத் தலைவர் குகதாசனின் நகைக்கடை தெருவுக்கு எதிர்ப்புறம். கம்பியைக் கண்டதும் அவர் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"எங்கை என்ரை? ஆ, இது! பித்தளை, ஒரு பல் உடைஞ்சது. முதலாவதாக் கோத்திருக்கு, பாத்தியளோ? ஆரோ மரியாதை தெரிஞ்ச ஆள்."

"உங்கட வீடு ஊர்த் தொங்கலில முதலாவதோ?"

"சீச்சீ. பிள்ளையாருக்குப் பக்கத்தில. ஊரின்ர நட்ட நடு." குகதாசன் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் கடைசி. எழுதுங்கோ. எல்லாரும் போன பிறகு, தனி ஆளா நிண்டு, வீட்டைப் பூட்டி, திறப்பை முருகேசனிட்டை எறிஞ்சுபோட்டு, திரும்பிப் பாக்கிறன். ஊரில ஒரு குஞ்சு குருமான் இல்லை! அழுதிட்டன்."

அழுத கதையைச் சொல்லும்போதும் அவர் கண் சிவகௌரியின் கழுத்துச் சங்கிலியின் எடையைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. தொழில்காரன் தொழில்காரனைக் கண்டுபிடிப்பான். றெஜினோல்ட் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

கிங்ஸ்பரிக்குப் போகும் வழியில் நோர்த் சேர்க்குலர் வீதி வழமைபோல் வாகன நெரிசலில் நின்றுபோயிருந்தது. அந்த நேரத்துக்குள் றெஜினோல்ட் மூன்று பேரைக் குற்றவாளியாக்கி மூன்று பேரையும் விடுதலை செய்தார். கடைசியில் கனடா ஐயரில் வந்து நின்றார். சிவகௌரி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஜெகதீஸ்வரி ஓய்வுபெற்ற ஆசிரியை. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வைத்து, உள்ளே வந்ததும் பரீட்சை மண்டபம் போல் ஆளுக்கொரு கதிரை காட்டினார்.

"என்ர திறப்பு எது?" என்றார் முதலில். கம்பியில் இரண்டாவது. "வீடு கிழக்குத் தொங்கல், குளத்தடி. குகதாசன் கடைசியோ? அவர் ஓடின வேகத்தில ஒரு செருப்பு எங்கட படலை வாசலில கிடந்தது. நான்தான் கடைசி. எங்கட மாடு சிவப்பி சினைப்பட்டு நிண்டது. அதை விட்டிட்டு வர எனக்கு மனமில்லை. முருகேசனைக் கூப்பிட்டு, மாட்டையும் திறப்பையும் குடுத்து, மூண்டு நாளில வருவம், தண்ணி காட்டு எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். எனக்குப் பிறகு அந்த ஊரில ஆள் இல்லை."

"மாடு என்ன ஆச்சு?"

"அதைத்தான் முப்பத்தைஞ்சு வருசமாக் கேக்கிறன்."

மூன்றாவது ஆள் ஜெனோசன். முப்பத்தைந்து வயது, கம்பியூட்டர் வேலை, ஊரைக் கண்ணால் கண்டதில்லை. வீடியோ அழைப்பில் வந்தவுடன், "அன்ரி, வி வேர் த லாஸ்ட்," என்றான். "அம்மா எட்டு மாசம். நான் வயித்துக்குள்ள. கடைசியா வெளிக்கிட்டது அம்மா எண்டால், அம்மாவுக்கும் பின்னால வந்தது நான். ரெக்னிக்கலி நான்தான் கடைசி."

றெஜினோல்ட் இருமி இருமிச் சிரிப்பை விழுங்கினார்.

"அம்மா வெளிக்கிடேக்க என்ன செய்தவ?" என்று கேட்டார் சிவகௌரி.

பின்னாலிருந்து தாயின் குரல் வந்தது: "நாய்க்குச் சோறு வைக்கச் சொல்லி முருகேசனிட்டைச் சொல்லிப்போட்டு, திறப்பையும் குடுத்திட்டு வந்தனான் தங்கச்சி. வேறை என்னத்தைச் செய்யிறது." கம்பியைக் காட்டியதும் தன் திறப்பை அடையாளம் சொன்னார். கம்பியில் நாற்பத்து மூன்றாவது. வீடு எங்கே என்றால், குகதாசன் வீட்டுக்கு அடுத்த வளவு.

"அடுத்தடுத்த வீடு," என்றார் சிவகௌரி காரில் ஏறியதும். "ஒண்டு கம்பியின்ர தலை, மற்றது வால். இது தெருவழியே நடந்து சேர்த்த வரிசை இல்லை றெஜி. மனோர் பார்க்குக்கு விடும். புத்தகம் அச்சடிக்கிற இடம்."

அச்சகம் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடை. நடத்துபவர் பிரியந்தி. நாற்பத்தெட்டு வயதிருக்கும். புத்தகத்தின் பக்கங்களை வடிவமைத்து, அச்சுக்கு முந்திய படிகளை அடுக்கி வைத்திருந்தார். சிவகௌரி கம்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். றெஜினோல்ட் தன் கடைக்கு ஒரு நாட்காட்டி அடிக்க என்ன விலை என்று கேட்டு, பாதியாகக் குறைத்து, வேண்டாம் என்று சொல்லி, மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது பிரியந்தி கம்பியைப் பார்த்தார். "எத்தினை எண்டு எண்ணிப் பாத்தவையோ?"

"நாங்கள் எண்ணினாங்கள். சங்கம் எண்ணேல்லை," என்றார் சிவகௌரி.

பிரியந்தி தலையாட்டிவிட்டுக் கடதாசி வெட்டும் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரில் சிவகௌரி அருள்மலருக்கு ஒரே ஒரு கேள்வியைத் தொலைபேசியில் கேட்டார்: "புத்தகத்தில வீடுகளை எந்த வரிசையில போட்டிருக்கிறியள்?"

மறுமுனையில் அருள்மலர் குரலைத் தாழ்த்தினாள். "அச்சுச் செலவுக்கு ஆர் எவ்வளவு தந்தவையோ, அந்த வரிசையில அக்கா. கூடத் தந்தவை முதல்லை. தயவுசெய்து கூட்டத்தில சொல்லிப்போடாதேங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மனோர் பார்க்கில் ஒரு மண்டபம். நாற்பது பேர். முன் வரிசையில் குகதாசன், ஜெகதீஸ்வரி, ஜெனோசன், இடையில் ஆளுக்கொரு வெறுங்கதிரை. திருத்திய படிகளைக் கொண்டுவந்த பிரியந்தி கடைசி வரிசையில். மேசையில் விதானையாரின் படம், பக்கத்தில் வாக்குப்பெட்டியாக ஒரு ஐஸ்கிரீம் வாளி. அருள்மலர் வாளியைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிவகௌரி எழும்பினார். "வாக்குப் போட முதல் ஒரு சின்னக் கணக்கு. மூண்டு பேர், தாங்கள்தான் கடைசி எண்டு சொல்லுறியள். மூண்டு பேரும் பொய் சொல்லேல்லை. நான் பொய்க்குத்தான் முப்பது வருசம் சம்பளம் வாங்கினனான், எனக்குத் தெரியும். குகதாசன் அண்ணை, திறப்பை என்ன செய்தனீங்கள்?"

"முருகேசனிட்டைக் குடுத்தன்."

"ரீச்சர், மாட்டை?"

"முருகேசனிட்டை."

"ஜெனோசன், உங்கட நாயை?"

"முருகேசன் அங்கிளிட்டை... ஓ."

"போறவர் திறப்பை ஒருத்தற்ற கையில குடுத்திட்டுப் போறார். அப்ப அவருக்குப் பிறகும் ஒரு கை அங்கை நிக்குது. அந்தக் கைக்காரன் நிக்கேக்க, 'ஊரில ஆள் இல்லை' எண்டு எப்பிடிச் சொல்லுவியள்?"

மண்டபத்தில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மனக்கணக்குப் போட்டார்கள். விடை வந்தவர்கள் ஒவ்வொருவராக நிலத்தைப் பார்த்தார்கள்.

"அவன் எங்கட கட்டாடி," என்றார் குகதாசன். ஊருக்குத் துணி வெளுத்தவரை அப்படித்தான் சொல்லுவார்கள். "அவன் வைச்சு என்ன செய்யிறது? விதானையாரிட்டைக் குடுத்திருப்பான்."

"இல்லை. இந்தத் துணிக்கீறைப் பாருங்கோ. றெஜி சொன்னது சரி, இது கழுவிப் போகாத கறை. சேங்கொட்டைச் சாறு. வெளுக்கப் போற உடுப்பு வீடு மாறிப் போகாமல், வீட்டுக்கொரு குறி போடுவினம். போட்டவருக்கு மட்டும்தான் அது வாசிக்கத் தெரியும். இது ஊரின்ர முகவரிப் புத்தகம். வேறை ஆரும் இதை எழுதியிருக்க ஏலாது."

"அப்ப ரகசியக் குறிதானே," என்றார் றெஜினோல்ட் தாழ்ந்த குரலில், தன் பங்கு கணக்கில் விடுபடக் கூடாது என்பதற்காக.

"ஓம் றெஜி. இனி அந்த வெறும் துணி. நாப்பத்து மூண்டு வீடெண்டு எழுதியிருக்கு, திறப்பு நாப்பத்து நாலு. எந்த வீட்டு உடுப்புக்குக் குறி தேவையில்லை?" அவர் காத்திருந்தார். "வெளுக்கிறவற்ற சொந்த வீட்டு உடுப்புக்கு. அந்த வீட்டை உங்களில ஒருத்தரும் எண்ணேல்லை. விதானையாரும் எண்ணேல்லை. புத்தகமும் எண்ணேல்லை."

அருள்மலரின் முகம் சிவந்தது.

"கடைசியா, அனுப்பினது ஆர் எண்டது. திறப்புகள் தெரு வரிசையில இல்லை, புத்தகத்தின்ர வரிசையில கோத்திருக்கு. அந்த வரிசையை நீங்கள் எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு நான் சொல்ல மாட்டன்." முன் வரிசையில் குகதாசன் திருப்தியாகவும் ஜெனோசன் சந்தேகமாகவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "புத்தகம் இன்னும் அச்சாகேல்லை. அதை முழுக்க வாசிச்சது ரெண்டு பேர். ஒருத்தர் அருள்மலர், அவ அனுப்பியிருந்தால் என்னட்டை வரத் தேவையில்லை. மற்றவர் இஞ்சை இருக்கிறார். என்னைக் கண்ட எல்லாரும் 'என்ர திறப்பு எது' எண்டு கேட்டினம். 'எத்தினை' எண்டு கேட்டது அவர் ஒருத்தர்தான். பேரைச் சொல்லுறதும் விடுறதும் அவற்ற விருப்பம்."

கடைசி வரிசையில் கதிரை இழுபட்டது.

"பிரியந்தி. முருகேசற்ற மகள்," என்றார் பிரியந்தி. "எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு. நீங்கள் எல்லாரும் போன பிறகு பதினொரு நாள் இருந்தம். அப்பா ஒவ்வொரு வீடாப் போய் விளக்கு வைச்சவர். வெளிக்கிடேக்க எல்லாக் கதவும் இருந்தது, எல்லாம் பூட்டிக் கிடந்தது. விதானையாரும் எங்களுக்குப் பதினொரு நாள் முந்திப் போனவர். அவற்ற திறப்பும் அதில இருக்கு, பன்னிரண்டாவது. கதவுகளுக்கு என்ன நடந்ததெண்டு எங்களுக்கும் தெரியாது."

அருள்மலர் பன்னிரண்டாவது திறப்பைத் தேடிப் பிடித்தாள். கறுத்த இரும்பு. துணியில் ஒரு புள்ளி. அதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு ஐஸ்கிரீம் வாளியை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தாள். யாரும் தடுக்கவில்லை.

"அப்பா லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருசம் இருந்தவர்," என்று தொடர்ந்தார் பிரியந்தி. "போன வருசம்தான் செத்தவர். ஒருக்கா உங்கட ஒன்றுகூடலுக்கு இந்த டின்னோட வந்தவர். ஆராவது வந்து கேப்பினம், குடுப்பம் எண்டு பின்னால இருந்தவர். குகதாசன் அண்ணை கண்டிட்டு, கதிரைகளை அடுக்கி விடுமன் எண்டு கேட்டவர். அடுக்கிப்போட்டு வந்திட்டார்."

குகதாசன் எழும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் இருந்துவிட்டார். அந்த மனிதர் விலை சொல்லாமல் வாய் மூடியதை றெஜினோல்ட் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார்.

"பேர் போடாமல் ஏன் பிள்ளை அனுப்பினனி?" என்று கேட்டாள் அருள்மலர்.

"பக்கம் அமைக்கேக்க நாப்பத்து மூண்டு எண்டு கிடந்தது. திருத்தச் சொல்லி நானே கேக்க மனம் வரேல்லை. அனுப்பினால் எண்ணிப் பாப்பினம் எண்டு நினைச்சன்."

ஜெகதீஸ்வரி முன் வரிசையிலிருந்து திரும்பினார். "பிள்ளை, என்ர சிவப்பி?"

"நாலாம் நாள் கண்டு போட்டது ரீச்சர். நாம்பன், காளைக் கண்டு. ரெண்டையும் நடத்திக்கொண்டு பதினாலு மைல் போனனாங்கள். பிறகு முகாமில பால் குடுத்து எங்களைக் காப்பாத்தினது அதுதான்."

ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அது நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார்.

புத்தகம் இரண்டு கிழமை பிந்தி வெளிவந்தது. விலை மாறவில்லை. விதானையாரின் படம் இருந்த இடத்திலேயே இருந்தது, எதிர்ப்பக்கத்தில் முருகேசரின் படம். வீடுகளின் வரிசை மட்டும் தெருவழியாக மாறியிருந்தது. அதற்காகக் குகதாசன் ஒரு கிழமை பேசாமல் இருந்தார். றெஜினோல்ட் பதினைந்து கேட்டதைப் பதினொன்றுக்கு வாங்கி, கடையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தார். அருள்மலர் அதை அத்தியாயமாக எழுதாமல் பட்டியலாகப் போட்டிருந்தாள்.

வீடு: நாற்பத்து நான்கு.
திறப்பு: நாற்பத்து நான்கு. சரி.
கதவு: இல்லை.
ஊரைக் கடைசியாகப் பூட்டியவர்: முருகேசர்.
ஜெகதீஸ்வரி ஆசிரியைக்கு வரவேண்டியது: பசு ஒன்று, நாம்பன் கன்று ஒன்று. தள்ளுபடி செய்துவிட்டார்.
முருகேசருக்கு வரவேண்டியது: நாற்பத்து மூன்று வீட்டாரும் ஆளுக்கொருமுறை வந்து, "எங்கட திறப்பு எங்கை?" என்று கேட்பது.
வந்தது: பூச்சியம்.
நிலுவை: நாற்பத்து மூன்று.